தேறாத சரக்கு

அத்தியாயம் 17

சோஃபியாவோடு சரக்கு பார்க்கும் வேலையில் இருந்த பீர் முஹம்மது பாய், வேலையை விட்டதற்குக் காரணம் கேட்டபோது, "உடம்பு சரியில்லைம்மா" என்று மட்டும்தான் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். கிண்டியிலும் பல்லாவரத்திலும் அவர் ஏறி இறங்காத தோல் தொழிற்சாலை கிடையாது. தலைவலி என்றுகூட ஒருநாள் லீவு போட்டதில்லை. அந்தப் பதிலை சோஃபியா நம்பவில்லை. ஆனால் நோண்டிக் கேட்கவும் இல்லை.

இன்று காலை ஜெயபாரதி மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னபோதுதான் பாய்க்கு உடம்பு சரியில்லாமல் போன கதை புரிந்தது.

சோஃபியா வேலை பார்ப்பது ஹாம்பர்க்கில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் சென்னைக் கிளையில். தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்பக்கச் சந்தில், கீழே பாத்திரக்கடை, மாடியில் இவர்கள். தோல் கைப்பைகளை இங்கே தைக்க வைத்து வெளிநாட்டில் விற்பது கம்பெனியின் தொழில். தைத்து முடித்த சரக்கு கப்பலேறும் முன் நேரில் போய்ப் பார்த்து, தேறியதா இல்லையா என்று எழுதிக் கொடுப்பது சோஃபியாவின் தொழில். ஒரு காலத்தில் அந்த மாடியில் உட்கார நாற்காலி கிடைக்காது. இப்போது ஜெயபாரதி, சோஃபியா, கணக்கு பார்க்கும் ஒரு பெண். மீதி நாற்காலிகளில் சாம்பிள் பைகள் உட்கார்ந்திருந்தன.

"கிண்டி யூனிட்டுக்கு இன்னைக்கு நீங்க போகணும் சோஃபியா."

"எந்த யூனிட் மேடம்?"

"உங்க அண்ணனோடது."

சோஃபியா சிரித்துவிட்டாள். "அது எப்படி? வேலைல சேர்ந்த அன்னைக்கே எழுதிக் குடுத்திருக்கேனே. எங்க அண்ணன் சரக்கை நான் பாக்கறதில்லை. எப்பவும் பீர் பாய்தான் போவார்."

"பாய் இல்லையே. ஹாம்பர்க்ல கேட்டேன். பரவாயில்லை, அவங்களே போகட்டும்னுட்டாங்க."

ஒரு பேனா வாங்குவதற்குக்கூட நாலு மெயில் அனுப்பிக் கேள்வி கேட்கிறவர்கள். இதற்கு மட்டும் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னார்களா? சோஃபியாவின் சிரிப்பு அடங்கியது.

ஜெயபாரதி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "இன்னொண்ணு. இதை மெயில்ல அனுப்ப மாட்டேன். எனக்கும் யாரும் மெயில்ல அனுப்பல, போன்ல சொன்னதுதான். அந்தச் சரக்கு தேறக் கூடாது."

"பாக்கறதுக்கு முன்னாடியே எப்படி..."

"எப்படி இருந்தாலும் தேறக் கூடாது."

கீழே பாத்திரக்கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஜெயபாரதி பேசினாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

"நம்ம கம்பெனிக்குப் பாதிக்கு மேல கடை அமெரிக்காவுல. அங்க வரியை ஏத்தினதும், இந்தியாவுல தைச்ச பை இனிமே அனுப்பாதீங்கன்னுட்டாங்க. சரி, ஐரோப்பாவுலயே வித்துக்கலாம்னா, உக்ரைன் சண்டை ஆரம்பிச்சதுலேர்ந்து அங்க விலைவாசி ஏறினது ஏறினதுதான். யார் புதுசா கைப்பை வாங்கறா? மார்ச்ல உங்க அண்ணன் அனுப்பின சரக்கு செங்கடல் வழியா போக முடியாம ஆப்பிரிக்காவைச் சுத்திப் போச்சு இல்லையா, அது சீசன் முடிஞ்சப்புறம் போய்ச் சேர்ந்து இன்னும் குடோன்லயே கிடக்கு. பேங்க்காரன் இதுக்கு மேல நம்ப மாட்டேங்கறான். ஒண்ணொண்ணா வந்திருந்தா சமாளிச்சிருப்பாங்க. எல்லாம் சேர்ந்தாப்ல வந்துடுச்சு."

"அப்ப ஆர்டரை வேண்டாம்னு சொல்லிடட்டுமே."

"இவங்களா வேண்டாம்னா நஷ்டஈடு குடுக்கணும். சரக்கு தேறலைன்னா குடுக்க வேண்டாம்."

சோஃபியாவுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. "பாய்கிட்டயும் இதைத்தான் சொன்னீங்களா?"

"ரெண்டு ஃபேக்டரிக்குச் செஞ்சார். மூணாவதுக்கு, என்னால முடியாது, அந்தப் பிள்ளை என் கண்ணு முன்னாடி வளர்ந்தவன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்."

மூணாவது ஜெஃப்ரி அண்ணனுடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

"நானும் முடியாதுன்னா?"

"வெளியிலேர்ந்து யாரையாவது அனுப்புவாங்க. இல்லைன்னா இந்த ஆபீஸையே மூடுவாங்க. எனக்கு வந்ததை உங்ககிட்ட தள்றேன், அவ்வளவுதான். அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வெளிய தெரிஞ்சா நம்ம ரெண்டு பேர் மேலயும் கேஸ் போடுவாங்க."

மாம்பலம் ஸ்டேஷனுக்கு ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்திப் போய்ச் சேர்ந்தபோது சோஃபியா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அங்கே போய் முதலில் சரக்கைப் பார்ப்போம். உள்ளதை உள்ளபடி எழுதுவோம். அதற்கப்புறம் கர்த்தர் விட்ட வழி.

அது முடிவே இல்லை என்பது ரயில் சைதாப்பேட்டையைத் தாண்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காவி உடுத்திய ஒரு கூட்டம் நெற்றி வியர்க்க உள்ளே நின்றுகொண்டிருந்தது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள். அண்ணி பியாட்ரிஸும் தினமும் அங்கேதான் நவநாள் பூசைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் கோயிலில் பார்க்கலாம் என்று காலையிலேயே மெசேஜ் அனுப்பியிருந்தாள். என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று கேட்கவே வேண்டாம். குடும்பத்தில் எல்லோருடைய வேண்டுதலும் இப்போது ஒன்றுதான். இந்தச் சரக்கு நல்லபடியாகக் கப்பலேற வேண்டும்.

கிண்டி எஸ்டேட்டில் ஜெஃப்ரியின் யூனிட் ஒரு பழைய ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. முன்பக்கம் மட்டும் புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தான். வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள் என்று போட்டது. வந்தார்கள், கொஞ்ச காலம்.

"நீயா?" என்று வாசலிலேயே ஜெஃப்ரி சிரித்தான். முகம் மழித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டியிருந்தான். "பீர் பாய் வரலையா?"

"வேலையை விட்டுட்டார்ண்ணா."

"அவரா? என்கிட்ட சொல்லவே இல்லையே. சரி விடு, தங்கச்சியே வந்தாச்சு. தேறின மாதிரிதான்."

விளையாட்டுக்குச் சொன்னான். சோஃபியாவால் சிரிக்க முடியவில்லை.

"நான் சும்மா பாத்துட்டுப் போறவ இல்லைண்ணா. எல்லாத்தையும் திறந்து பாப்பேன்."

"பாரு. நல்லா பாரு. அதைத்தான் நானும் கேக்கறேன்."

சுவரோரம் அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. எந்தப் பெட்டி என்று சப்ளையர் கையைக் காட்டக் கூடாது. சோஃபியா தானே எண்களைப் பொறுக்கினாள். வேண்டுமென்றே அடியிலும் மூலையிலும் இருந்ததையெல்லாம் கேட்டாள். தணிகாசலம் என்ற பேக்கிங்காரர் முகம் சுளிக்காமல் அத்தனையையும் இறக்கிப் போட்டார்.

தையல் லைனுக்குப் பொறுப்பான வேலம்மா ஓடி வந்து மேஜையைத் துடைத்தாள். அடையாற்றங்கரையில் இருந்த குடிசையை எடுத்தபோது செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டவள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாலும் பெல்லடிக்கும் முன் மிஷினில் இருப்பாள்.

"இன்னாம்மா, நீயே வந்துக்கிறே? பாத்துக்கோ. ஒரு பீஸுகூட நான் கண்ணால பாக்காம பொட்டிக்குள்ள போவல."

சோஃபியா பார்த்தாள். ஒயின் சிவப்பு நிறத் தோல். அங்குலத்துக்கு இத்தனை தையல் என்ற கணக்கு ஒரு இடத்திலும் பிசகவில்லை. ஜிப்பைத் திரும்பத் திரும்ப இழுத்தாள், வெண்ணெயில் கத்தி போனது மாதிரி போனது. கைப்பிடியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுக் காத்திருந்தாள், ஒரு நூல் நெகிழவில்லை. வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தாள். துணியில் துளி சாயம் ஒட்டவில்லை.

அடுத்த பெட்டி. அதற்கடுத்த பெட்டி.

எப்போது அது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. ஒரு குறை கிடைக்காதா என்று அவள் கண் தேடத் தொடங்கியிருந்தது. ஒரே ஒரு உண்மையான குறை. கோணலாக ஒரு பை, உள்துணியில் ஒரு கிழிசல், கிடைத்தால் போதும். பொய் எழுத வேண்டியிருக்காது. அண்ணனிடம் மனசாட்சியோடு சொல்லலாம், சரிசெய்ய அவகாசம் வாங்கலாம், யாரும் யாரையும் ஏமாற்றியதாக ஆகாது. ஒரு பையின் உள் மடிப்பில் நூல் முனை கொஞ்சம் நீண்டிருப்பது தென்பட்டபோது அவள் நெஞ்சு படக்கென்று அடித்துக்கொண்டது. அளந்து பார்த்தாள். அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது.

வேலம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, எதுனா கீதா?"

"இல்லை வேலம்மா. ஒண்ணும் இல்லை."

அண்ணன் சரக்கில் சொத்தை தேடிய தன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, சோஃபியா பையை மூடிப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஜெஃப்ரி தன் கண்ணாடி அறையில் டிபன் கேரியரைப் பிரித்தான். திருவிழா முடியும்வரை அண்ணி சமையலில் மீன் கிடையாது. தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். இரண்டு பேருக்கும் போதும் போதும் என்று அவனே பங்கு வைத்தான்.

"மார்ச்ல பட்டதுக்கப்புறம் இந்த ஆர்டர் வரும்னு நான் நினைக்கவே இல்லை சோஃபி. பியாட்ரிஸ் சொல்லிட்டே இருந்தா, கொட்டாயை வாடகைக்கு விட்டுட்டு எங்கயாவது வேலைக்குப் போங்கன்னு. அறுபது பேரை என்ன பண்றது? வேலம்மாவை எங்க அனுப்பறது?"

சோஃபியா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"உங்க ஆபீஸ்ல என்ன பேசிக்கறாங்க? வரி அது இதுன்னு பேப்பர்ல போடறானே."

"கஷ்டம்தான்ண்ணா. எல்லாருக்கும் கஷ்டம்தான்."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். கதவு சாத்தியிருந்தது. வெளியே மிஷின்கள் நின்றிருந்தன. வாயைத் திறந்திருந்தால் இரண்டே வாக்கியத்தில் முடிந்திருக்கும். மகள் கரோலுக்கு நர்ஸிங் காலேஜில் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. கேஸ் போடுவார்கள் என்று ஜெயபாரதி சொன்னது வந்தது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நப்பாசையும் வந்தது. தேறியது என்று தான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால், அதற்கு மேல் அவர்கள் என்ன செய்துவிட முடியும்?

அப்போதுதான் ஜெஃப்ரியின் போன் அடித்தது.

"முருகையன்," என்றான், அவளிடம். "மண்ணடி ஏஜென்ட். துபாய்ல ஒரு பார்ட்டி இருக்கானாம். நம்ம சரக்கை அப்படியே எடுத்துக்கறேங்கறான், லேபிளை மட்டும் பிரிச்சுட்டு. பாதி விலைதான். ஆனா உடனே எடுப்பான். ஒருவேளை உங்காளுங்க ஏதாவது இடக்குப் பண்ணினா இருக்கட்டும்னு ஆளை ரெண்டு நாளா இழுத்துக்கிட்டு வர்றேன்."

போனை எடுத்துக் காதில் வைத்தான். "சொல்லுங்கண்ணே... ஆமா, இன்ஸ்பெக்‌ஷன் நடந்துட்டிருக்கு... இப்பவே சொல்லணுமா? ஒரு நிமிஷம்."

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தங்கையைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் ஒரு துளி இல்லை. சின்ன வயதில் சாந்தோம் கடற்கரையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்குள் இறங்கும்போது பார்ப்பானே, அதே பார்வை.

"தேறுமா சோஃபி? தேறும்னா இவரை விட்டுடறேன்."

சோஃபியா அண்ணனைப் பார்த்தாள்.

"சரக்குல ஒரு குறையும் இல்லைண்ணா," என்றாள்.

அது சத்தியமான வார்த்தை. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஜெஃப்ரி கையை எடுத்தான். "முருகையண்ணே, தப்பா நினைக்காதீங்க. இது ஜெர்மனிக்கே போகுது. அடுத்த தடவை பாத்துக்கலாம்." வைத்துவிட்டு, வறுவலை அவள் தட்டில் தள்ளினான். "சாப்பிடு. எலும்பும் தோலுமா ஆயிட்டே."

மத்தியானம் மீதிப் பெட்டிகளையும் பார்த்து முடித்து, சோஃபியா டேப்லட்டில் "தேறியது" என்ற கட்டத்தைத் தொட்டாள். போட்டோக்களைச் சேர்த்தாள். அவள் விரலால் கையெழுத்துப் போட்டாள், அதற்குக் கீழே ஜெஃப்ரி போட்டான். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு சரியாக ஒரு ரிப்போர்ட்டை அவள் எழுதியதில்லை.

ஜெஃப்ரி லைனுக்குப் போய், "தேறிடுச்சு" என்று மட்டும் சொன்னான். யாரும் கை தட்டவில்லை. தணிகாசலம் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வேலம்மா டீ சொல்லச் சொல்லி ஆளனுப்பினாள். மசால்வடையும் வந்தது.

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கலம்மா," என்றாள் வேலம்மா, டீயை ஆற்றிக்கொண்டே. "அமெரிக்காக்காரன் வரி போட்டான்னா ஜெர்மனிக்காரனுக்கு இன்னா வந்துச்சு? அவன் ஏன் கம்மியா வாங்கறான்?"

"ஜெர்மனிக்காரன் கடை அமெரிக்காவுலயும் இருக்கு வேலம்மா. அங்க விக்கலைன்னா இங்க வாங்க மாட்டான்."

"அப்போ நம்ம சார் இன்னா பண்ணுவாரு?"

"அவர் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஜெர்மனிக்காரன்?"

"அவனும் ஒண்ணும் பண்ண முடியாது."

வேலம்மா கொஞ்ச நேரம் டீயைக் குடித்தாள். "யாராலயும் ஒண்ணியும் பண்ண முடியலன்னா, யாருகிட்டதான் போய் நிக்கறது?" என்றாள். கோபமில்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சோஃபியா வடையைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஸ்டேஷன் படிக்கட்டில் ஜெயபாரதியின் போன் வந்தது.

"பாத்தேன்," என்றாள் ஜெயபாரதி.

"உள்ளதை எழுதினேன் மேடம்."

"தெரியும். போட்டோல்லாம் பாத்தேன். அருமையா தைச்சிருக்காங்க." குரலைத் தாழ்த்தினாள். "நான் அதுல கை வைக்க மாட்டேன். அதை மட்டும்தான் என்னால சொல்ல முடியும். அவங்க கை வைக்கலாம். அது அவங்க சிஸ்டம்."

"கையெழுத்து என்னோடது மேடம்."

"ஆமா," என்றாள் ஜெயபாரதி. போனை வைத்துவிட்டாள்.

சோஃபியா அங்கேயே அண்ணனைக் கூப்பிட்டாள். எண் பிஸியாக இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் பிஸி. கன்டெய்னருக்கும் லாரிக்கும் பேசிக்கொண்டிருப்பான். கோயிலுக்குத்தான் வருவானே, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடையாறு பஸ்ஸில் ஏறினாள். நேரில் சொல்வதற்கும் போனில் சொல்வதற்கும் நடுவே கிடைத்த அந்தப் பஸ் பயணம் அவளுக்கு அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது.

பெசன்ட் நகரில் பஸ் டெப்போவிலிருந்தே ஜனம். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, பூமாலை, உப்பு மிளகு பொட்டலம், பொரி. பூசைக்கு முன் ஜெபமாலை சொல்லும் குரல் ஒலிபெருக்கியில் கடற்கரைவரை கேட்டது. அண்ணி பியாட்ரிஸ் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள் போல, புடவையில் சாக்பீஸ் தூள் இருந்தது. சோஃபியாவைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அவர் போன் பண்ணினார். தேறிடுச்சாமே." கண் கலங்கியிருந்தது. "உன்னையே அனுப்பி வெச்சிருக்காங்க பாரு மாதா. வேற யாராவது வந்திருந்தா நொட்டை சொல்லியிருப்பாங்க. இந்த வருஷம் நான் வேற எதையும் கேக்கல சோஃபி. இது ஒண்ணுதான் கேட்டேன்."

"அண்ணி..."

"இந்தா, பிடி." ஒரு மெழுகுவர்த்தியை அவள் கையில் திணித்தாள். "நன்றிக்கு. நீயும் ஒண்ணு ஏத்து."

சோஃபியா மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே அது என்னவென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பார்த்தாள்.

ஹாம்பர்க்கிலிருந்து வந்த மெயில். அனுப்பி அரை மணி ஆகியிருந்தது, கூட்டத்தில் சிக்னல் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. புகைப்படங்களை மறு ஆய்வு செய்ததில் தோலின் நிறம் ஒப்புக்கொண்ட மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. முடிவு திருத்தப்படுகிறது. சரக்கு தேறவில்லை. ஆர்டர் ஏற்கப்படாது. ஆய்வு செய்தவர் என்ற இடத்தில் சோஃபியாவின் பெயரும், அவள் மத்தியானம் விரலால் போட்ட கையெழுத்தும் அப்படியே இருந்தன. பெறுநர் வரிசையில் முதல் பெயர் ஜெஃப்ரி.

தலையை நிமிர்த்தினாள். ஜெஃப்ரி கூட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தான். வேகமாக வரவில்லை. ஜனம் இடித்துக்கொண்டு போவதுகூடத் தெரியாமல், போனைக் கையில் பிடித்தபடி, யாரையோ தேடி வந்த ஆள் மாதிரி வந்தான்.

"அண்ணா, நான் தேறியதுன்னுதான் போட்டேன். நீயும் பாத்தே. கையெழுத்துக்கூட..."

"தெரியும்," என்றான். குரல் உயரவில்லை. "நான்தானே பக்கத்துல நின்னேன். அதை நான் கேக்கல."

பியாட்ரிஸ் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன ஆச்சு?"

ஜெஃப்ரி தங்கையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முருகையன் லைன்ல இருந்தப்ப உன்னை ஒண்ணு கேட்டேன் சோஃபி. அப்பவே உனக்கு இது தெரியுமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஜெயபாரதியைத் தவிர யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒலிபெருக்கியில் ஜெபமாலையின் பிரியதத்த மந்திரம் பாதியில் இருந்தது.

"தெரியும்ண்ணா. காலையிலயே சொல்லிட்டாங்க."

ஜெஃப்ரி தலையாட்டினான். திரும்பத் திரும்ப ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"வர்ற வழியில முருகையனைக் கூப்பிட்டேன். மத்தியானமே ராணிப்பேட்டைல வேற சரக்கை முடிச்சுட்டாராம். ஒரு வார்த்தை அப்பவே சொல்லியிருந்தா உன் சரக்கையே முடிச்சிருப்பேனே தம்பிங்கறார்."

"நான் தேறினதுன்னு போட்டா அவங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நினைச்சேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ அவ்வளவு..."

"என்னங்க, சரக்கு என்ன ஆச்சு?" என்றாள் பியாட்ரிஸ் மறுபடி. இந்தத் தடவை அவள் குரலைக் கேட்டு அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்லை. நீ உள்ள போ. பூசை ஆரம்பிச்சிடுவாங்க."

அவள் போகவில்லை. கணவன் கையிலிருந்த போனை மெல்ல உருவி எடுத்து வாசித்தாள். ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறவள், ஒருமுறை வாசித்ததே போதும். வாசித்து முடித்து, கீழே இருந்த பெயரையும் பார்த்துவிட்டு, சோஃபியாவை நிமிர்ந்து பார்த்தாள். போனைக் கணவன் கையில் திணித்தாள். கூட்டத்துக்குள் நுழைந்து கோயிலைப் பார்க்கப் போய்விட்டாள்.

அண்ணனும் தங்கையும் அங்கேயே நின்றார்கள். காவி உடுத்திய ஒரு பெண் முழங்காலில் நடந்து போனாள். அவளுக்கு இரண்டு பேரும் விலகி வழி விட்டார்கள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலைன்னே இல்லே," என்றான் ஜெஃப்ரி. "எனக்கும் தெரியல. வேலம்மாகிட்ட, தணிகாசலம்கிட்ட. எல்லாரும் இன்னைக்கு வடை தின்னுட்டு வீட்டுக்குப் போயிருக்காங்க. நாளைக்குக் காலைல நீ வா. தேறிடுச்சுன்னு உன் ரிப்போர்ட்டைப் பாத்துதான் சொன்னேன். இதையும் நீயே சொல்லு."

சோஃபியாவின் கையிலிருந்த போன் மறுபடி அதிர்ந்தது. ஜெயபாரதியின் மெசேஜ். நாளைக் காலை எல்லோரும் தவறாமல் ஆபீஸில் இருக்க வேண்டும். ஹாம்பர்க்கிலிருந்து பேசுவார்கள். வராதவர்களின் பெயர் தனியாகக் குறிக்கப்படும். அதற்குக் கீழே, ஜெயபாரதி தானே சேர்த்தது போல ஒரு வரி. "ப்ளீஸ் வந்துடுங்க சோஃபியா. என்னைத் தனியா விட்டுடாதீங்க."

இரண்டு தடவை படித்துவிட்டு போனைப் பைக்குள் போட்டாள்.

"எத்தனை மணிக்குண்ணா வரணும்?"

"எட்டரைக்கு பெல் அடிப்பாங்க," என்றான் ஜெஃப்ரி. "அதுக்கு முன்னாடி வந்துடு. மிஷின் ஓட ஆரம்பிச்சுட்டா நீ பேசறது யாருக்கும் கேக்காது."